சாவுக்கு முன்னரே வரும் அயலவர்: மலப்புறத்தின் கதை

தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தை ஒழுங்காக வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காலமானவரின் பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, இலண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று ஒரு நாடு இருக்கும். மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. பத்திரிகை அலுவலகத்தில் இந்த அறிவித்தல்களை ஒப்புநோக்கிச் சரிபார்த்த காலத்தில் எனக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. இந்த அம்மா இரண்டு வருடமோ மூன்று வருடமோ படுக்கையில் கிடந்திருப்பார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் யார்? கஞ்சி பருக்கியவர் யார்? இரவில் அவர் முனகியபோது எழுந்து சென்றவர் யார்? அந்த விபரம் எந்த அறிவித்தலிலும் இருப்பதில்லை. பெரும்பாலும் அவர் கலியாணம் முடிக்காத ஒரு மகளாக இருப்பார். அல்லது மருமகளாக, சில வேளைகளில் சம்பளத்துக்கு வந்துபோன அயல்வீட்டுப் பெண்ணாக இருப்பார்.

சாவு நிகழ்ந்துவிட்டால் எமது கிராமங்கள் சும்மா இருப்பதில்லை. செய்தி பரவிய ஒரு மணித்தியாலத்துக்குள் கதிரைகள் வந்துவிடும், பந்தல் எழும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அயலில் தேநீரும் சாப்பாடும் தயாராகும். ஊரில் மரணாதாரச் சங்கம் இருந்தால் அதன் செயலாளர் பணத்தோடு வந்து நிற்பார். எட்டு, முப்பத்தொன்று என்று துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாட்களையும் நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சாவுக்கு முந்திய அந்த இரண்டு, மூன்று வருடங்களுக்கு அத்தகைய ஒழுங்கு எதுவும் கிடையாது. 'எப்படி அம்மாவுக்கு?' என்று படலையில் நின்று கேட்டுப் போவதோடு அயலவரின் கடமை முடிந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் பெண் தனியாகவே இருக்கிறாள்.

அயலவரைச் சாவுக்கு முன்னரே வீட்டுக்குள் வரவைக்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஓர் இடம் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டமே அது. அங்கே நடந்ததைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற வகையில், அந்த வரலாற்றைச் சற்று விரிவாக இங்கே எழுத விரும்புகிறேன்.

மலப்புறம் 1969ஆம் ஆண்டு தனி மாவட்டமாக்கப்பட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும், கிராமங்கள் நிறைந்த நிலப்பகுதி. 1970களில் தொடங்கிய வளைகுடா எண்ணெய்ப் பொருளாதாரம் அந்த மாவட்டத்து ஆண்களை ஆயிரக்கணக்கில் துபாய்க்கும் சவூதிக்கும் அழைத்துச் சென்றது. பணம் வந்தது, புதிய வீடுகள் எழுந்தன. வீட்டுக்குள் முதியோரும் நோயாளரும் அவர்களைப் பார்க்கும் பெண்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தையும் புலம்பெயர்ந்த நம்மவரையும் அறிந்த எவருக்கும் இந்தக் காட்சி புதியதல்ல. அதனாலேயே மலப்புறத்தின் அனுபவம் நமக்கு அந்நியமானதல்ல என்கிறேன்.

கதையின் முதல் இழை இங்கிலாந்திலிருந்து வருகிறது. சிசிலி சோண்டர்ஸ் என்ற பெண்மணி முதலில் தாதியாகவும், பின்னர் வைத்தியசாலைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, ஈற்றில் 1957இல் மருத்துவராகத் தகுதி பெற்றவர். குணப்படுத்த முடியாது என்று கைவிடப்பட்டவர்களுக்காக 1967இல் தென் இலண்டனில் புனித கிறிஸ்தோப்பர் இல்லத்தை நிறுவினார். நோயாளியின் வேதனை உடலில் மட்டும் இருப்பதில்லை, மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் அது பரவியிருக்கிறது, அனைத்தையும் சேர்த்தே தணிக்கவேண்டும் என்பது அவருடைய போதனை. நோயை மாற்ற முடியாதபோதும் நோவைத் தணிக்கும் இந்தப் பராமரிப்பு முறை உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் என்ற முதலாவது இல்லம் உருவானது.

ஆனால் இந்தியாவில் ஒரு விசித்திரமான தடை இருந்தது. கடும் நோவுக்கு மருந்து மோர்பீன். அது அபினிலிருந்து எடுக்கப்படுவது. மருத்துவத் தேவைக்கான அபினைச் சட்டபூர்வமாகப் பயிரிட்டு உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடு இந்தியா. ஆயினும், போதைப்பொருள் கடத்தலைத் தடுப்பதற்காக 1985இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் கெடுபிடிகள் காரணமாக, வைத்தியசாலைகள் மோர்பீனை வாங்கி வைத்திருக்கவே அஞ்சின. 1997ஆம் ஆண்டில் அந்தப் பெரிய நாடு முழுவதும் மருத்துவத்துக்காகப் பயன்படுத்திய மோர்பீன் வெறும் 18 கிலோகிராம் மட்டுமே. புற்றுநோயாளர்கள் தாங்கள் விளைவித்த மருந்து கிடைக்காமல் துடித்துச் செத்தார்கள்.

இந்தச் சூழலில்தான் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் நோவு தணிப்புச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. மயக்க மருந்து நிபுணர்களான எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய இருவரும் அசோக் குமார் என்ற தொண்டரும் அதன் தொடக்ககர்த்தாக்கள். வெளிநோயாளர் பகுதியாக ஆரம்பித்து, வாயால் உட்கொள்ளும் மோர்பீனை நோயாளரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பல மாவட்டங்களிலிருந்தும் சனம் வந்தது.

வந்தவர்களைப் பார்த்தபோதுதான் வராதவர்களின் எண்ணிக்கை அந்த வைத்தியர்களுக்கு உறைத்தது. நடக்க முடியாதவர், வாகனத்துக்குக் காசில்லாதவர், புண்ணின் மணத்துக்கு வெட்கி அறைக்குள் முடங்கியவர் எவரும் கோழிக்கோட்டுக்கு வரவில்லை. வந்தவர்களும் நோய் முற்றிய கட்டத்தில் வரமுடியாமற் போனார்கள். வைத்தியரும் தாதியும் வீடு வீடாகச் செல்வதென்றாலும் எத்தனை வீடுகளுக்குச் செல்வது? நோயாளியின் ஒரு நாளில் வைத்தியர் சில நிமிடங்கள் இருக்கலாம். மிகுதி முழுவதும் அவர் தமது வீட்டாரோடும் அயலாரோடும்தான் இருக்கிறார். பராமரிப்பின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

இந்த எண்ணம் வேறோர் இடத்தில் விதைக்கப்பட்டிருந்தால் முளைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். கேரளத்தில் நிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. 1945இல் தொடங்கிய நூலக இயக்கம் நமது சனசமூக நிலையங்களைப் போல ஊருக்கு ஊர் வாசிகசாலைகளை உண்டாக்கியிருந்தது. எழுத்தறிவு இயக்கத்தில் சம்பளமின்றிக் கற்பித்த தொண்டர்களின் உழைப்பால் 1991 ஏப்ரல் 18ஆம் திகதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டில் நடந்த விழாவில் அந்த அறிவிப்பை வெளியிட்டவர், முதுமையை நெருங்கும் வயதில் எழுத்துப் பழகிய மலப்புறத்துப் பெண்மணி சேலக்கோடன் ஆயிஷா. 1996இல் மக்கள் திட்டம் என்ற பெயரில் உள்ளூராட்சிச் சபைகளுக்கு நிதியும் அதிகாரமும் பகிரப்பட்டன. 1998 மே மாதம் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் இயக்கம் மலப்புறத்தில் தொடக்கிவைக்கப்பட்டது. அதன் அடிப்படை அலகுக்கு மலையாளத்தில் 'அயல்கூட்டம்' என்று பெயர். அயலில் உள்ளவர்கள் கூடிச் சேர்ந்தால் எதையும் செய்யலாம் என்பது அந்த மக்களுக்குப் பழகிப்போன பாடமாக இருந்தது.

1990களின் இறுதியில் மலப்புறத்தை மையமாகக் கொண்டு 'அயலக வலையமைப்பு' என்ற திட்டம் உருப்பெற்றது. நிலம்பூர், மஞ்சேரி போன்ற ஊர்களில் குழுக்கள் உருவாகின. ஒழுங்கு மிக எளிமையானது. வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது ஒதுக்கக்கூடியவர் எவரும் தொண்டராகலாம். படிப்போ வயதோ சாதியோ சமயமோ கட்சியோ தடையல்ல. வகுப்பறையில் 16 மணித்தியாலப் பயிற்சி. அதன்பின் அனுபவமுள்ளவரோடு நான்கு தடவை நோயாளரைப் பார்க்கச் செல்லவேண்டும். பயிற்சி முடித்த பத்துப் பதினைந்து பேர் ஓர் ஊரில் சேர்ந்தால் ஒரு குழு. தங்கள் பகுதியில் நீண்டகால நோயோடு கிடப்பவர்கள் யார் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பது அவர்களின் முதல் வேலை. அந்த வீடுகளுக்கு ஒழுங்காகச் செல்வது அடுத்த வேலை. வைத்தியரும் தாதியும் இந்தக் குழுவுக்குத் துணையாக வருவார்கள். யார் யாருக்குத் துணை என்ற வரிசை இங்கே மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சியில் முக்கிய இடம் பெறுவது செவிமடுத்தல். கேட்பதற்கு என்ன பயிற்சி என்று சிலர் நினைக்கக்கூடும். நோயாளி ஒருவரின் பக்கத்தில் இருந்துபார்த்தவர்களுக்கு அதன் கடினம் தெரியும். 'நான் சாகப்போகிறேனா?' என்று ஒருவர் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் 'சீ, அப்படிச் சொல்லாதேங்கோ, எல்லாம் சுகமாகும்' என்று சொல்லி வாயடைத்துவிடுவோம். அதன்பின் அவர் அந்தப் பயத்தை எவரிடமும் சொல்லமாட்டார். புற்றுநோய் என்பதை நோயாளிக்குத் தெரியாமல் வீட்டார் மறைப்பதும், தமக்குத் தெரியும் என்பதை வீட்டாருக்குத் தெரியாமல் நோயாளி மறைப்பதும் நம் வீடுகளிலும் நடப்பதுதான். ஒரே கூரையின் கீழ் இரு தரப்பும் தனித்தனியே அழுதுகொண்டிருக்கும். பொய்யான தேறுதல் சொல்லாமல், அவசரப்பட்டு அறிவுரை வழங்காமல், அவர் பேச விரும்பும் அளவுக்குப் பேசவிட்டு அருகில் இருப்பது எப்படி என்பதைத்தான் தொண்டர்கள் பழகினார்கள். மலையாளத்தில் இந்தப் பணிக்கு 'சாந்துவன பரிசரணம்' என்று பெயர் நிலைத்தது. ஆறுதலும் பராமரிப்பும் அந்தப் பெயரிலேயே சேர்ந்திருக்கின்றன.

வீட்டில் இருந்து பார்ப்பவரும் இன்னொரு நோயாளி என்று இந்த இயக்கம் ஏற்றுக்கொண்டதே என்னை மிகவும் கவர்ந்தது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டுவது, இடுப்பு முறியாமல் எப்படித் தூக்குவது, வாயை எப்படிச் சுத்தமாக்குவது, சிறுநீர்க் குழாயை எப்படிப் பேணுவது, நாறும் புண்ணுக்கு எந்த மாத்திரையைத் தூளாக்கிப் போடுவது என்பனவெல்லாம் வீட்டாருக்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. இவை தெரியாத பெண் தன்னால்தான் அம்மாவுக்குப் புண் வந்தது என்று நினைத்து உள்ளே வெந்துகொண்டிருப்பாள். செய்யத் தெரிந்ததும் அந்தக் குற்ற உணர்வு பாதி கரைந்துவிடுகிறது. சக்கர நாற்காலியும் தண்ணீர் மெத்தையும் இரவலாக வந்தன. உழைத்தவர் படுக்கையில் விழுந்ததால் பட்டினி கிடந்த வீட்டுக்கு அரிசி வந்தது, பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கொப்பி வந்தது. இறுதி நாட்களைக் கடந்த பின்னரும் தொண்டர்கள் அந்த வீட்டுக்குப் போய் வந்தார்கள். வருடக்கணக்கில் ஒருவரையே சுற்றிச் சுழன்றவருக்கு அவர் போனபின் ஏற்படும் வெறுமை, எட்டுச் செலவோடு தீர்ந்துவிடுவதில்லை அல்லவா?

பணம் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் அரசாங்கம் கொடுக்கவில்லை. பெரிய வெளிநாட்டு நிதியை நம்பியும் அவர்கள் இருக்கவில்லை. கடைகளில் உண்டியல்கள் வைக்கப்பட்டன. ஒரு ரூபா, ஐந்து ரூபா என்று சேர்ந்த சில்லறையும், பாடசாலை மாணவர் திரட்டிய தொகையும், வளைகுடாவிலிருந்து ஊரவர் அனுப்பியதுமே செலவின் பெரும்பகுதியைத் தாங்கின. கொடுத்தவர் ஒவ்வொருவரும் இது எங்கள் குழு என்று உரிமை பாராட்டினார்கள். அந்த உரிமைதான் குழுக்களை வாழவைத்தது என்பேன்.

2008ஆம் ஆண்டு கேரள அரசு நோவு தணிப்புப் பராமரிப்புக்கான கொள்கையை வெளியிட்டது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதுவரை செய்யாத காரியம் அது. நமது பிரதேச சபைகளுக்கு ஒப்பான கிராமப் பஞ்சாயத்துகள் பயிற்சி பெற்ற தாதி ஒருவரை நியமித்து, வாகனம் ஒழுங்குசெய்து, வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. மாநிலத்தின் 900க்கு மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்கும் இந்த ஏற்பாடு பரவியது. புற்றுநோயாளரோடு தொடங்கிய பணி, பாரிசவாதத்தால் விழுந்தவர், முள்ளந்தண்டு முறிந்தவர், முதுமையால் எழும்ப முடியாதவர் என்று விரிந்தது. அதே 2008இல் கோழிக்கோட்டில் மனநல வைத்தியர் மனோஜ் குமார் நிறுவிய மனநலச் செயற்பாட்டு அறக்கட்டளை, ஊர்த் தொண்டர்கள் என்ற இதே முறையை வறிய குடும்பங்களின் மனநோயாளருக்குப் பயன்படுத்தியது.

2010இல் ஆங்கிலேயச் சஞ்சிகையான எக்கொனொமிஸ்ற்றின் ஆய்வுப் பிரிவு, 40 நாடுகளில் மனிதர்கள் எவ்விதம் சாகிறார்கள் என்று தரவரிசைப்படுத்தியது. இந்தியாவுக்குக் கிடைத்தது கடைசி இடம். அதே அறிக்கை கேரளத்தைத் தனியே எடுத்துப் பாராட்டியது. இந்தியச் சனத்தொகையில் 3 வீதத்தை மட்டும் கொண்ட அந்த மாநிலம், நாட்டின் நோவு தணிப்புச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கை வழங்கியது. மோர்பீனைத் தடுத்த சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. அதற்காக ஓயாது வாதாடியவர்களில் ஒருவரான ராஜகோபாலுக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2022இல் லான்செற் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு, சாவின் பெறுமதி பற்றிய தனது அறிக்கையில் கேரளத்தை உலகுக்கு முன்மாதிரியாகக் காட்டியது.

பாராட்டை மட்டும் எழுதிவிட்டுப் போவது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல. அரசாங்கம் பொறுப்பேற்றதும் சேவை எல்லா ஊர்களையும் எட்டியது உண்மைதான். அதேவேளை, ஒரு தாதி பெரிய எண்ணிக்கையான வீடுகளை ஒரு மாதத்துக்குள் சுற்றி முடிக்கவேண்டிய நிலையில், குழாய் மாற்றுவதற்கும் புண் கட்டுவதற்கும் நேரம் கிடைக்கிறது. இருந்து கதைப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை. தொண்டர் குழு வலுவாக உள்ள இடத்தில் அந்தக் குறை தெரிவதில்லை. குழு தளர்ந்த இடத்தில் அது வெறும் அலுவலகக் கடமையாகிவிடுகிறது. பெண்களின் தோளிலிருந்த பாரமும் முற்றாக இறங்கிவிடவில்லை. கேரளத்திலும் வீட்டில் நோயாளியைப் பார்ப்பவர் பெரும்பாலும் பெண்தான். ஆனால் அவள் முன்னரைப்போல் தனித்துவிடப்பட்டவள் அல்ல.

இனி நம் பக்கம் வருவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 வீதம். அந்த விகிதம் வேகமாக ஏறிவருகிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. இலவச வைத்தியசாலைகள் நாடெங்கும் உண்டு. வைத்தியசாலையிலிருந்து 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கோ' என்று அனுப்பப்பட்டபின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கேள்வியின் கனம் இன்னும் அதிகம். அயல் என்பதே அங்கே பலமுறை சிதறிப்போனது. 1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995இல் வலிகாமம் முழுவதுமே வெறிச்சோடியது. 2009இல் வன்னி நிலமே இடம்பெயர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வாழ்ந்தவர்கள் இன்று கண்டங்களால் பிரிந்திருக்கிறார்கள். திரும்பி வந்த ஊரில் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, அல்லது முன்பின் அறியாதவர் இருக்கிறார். முள்ளந்தண்டில் காயம்பட்டுப் படுக்கையிலானவர்களை மனைவியரும் தாய்மாரும் வருடக்கணக்காகப் பார்த்துவருகிறார்கள். அந்தத் தாய்மாருக்கும் வயது போகிறது. பழைய அயல் தானாகத் திரும்பிவரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. மலப்புறத்தில் செய்ததுபோல, பயிற்சியோடும் ஒழுங்கோடும் அதை மீளக் கட்டவேண்டியிருக்கிறது.

அதற்கான செங்கற்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. சனசமூக நிலையம், மாதர் சங்கம், முதியோர் சங்கம், கோயில் பரிபாலன சபை, தேவாலயப் பங்குச் சபை, பள்ளிவாசல் நிர்வாகம் என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றிலும் பொருத்தமானது மரணாதாரச் சங்கம் என்பது என் எண்ணம். ஊரில் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன கஷ்டம் என்பதை அதைவிட நன்கு அறிந்த அமைப்பு வேறில்லை. சந்தா சேர்க்கும் பழக்கமும் கணக்குக் காட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. சாவு நடந்தபின் வரும் அந்தச் சங்கம், படுக்கையில் விழுந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் வைத்திருந்தால், வாரத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுக்கக்கூடிய பத்துப் பேரை அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாக்கினால், தொடக்கத்துக்கு அதுவே போதும். பயிற்சி கொடுப்பதற்கு அரசாங்க வைத்தியர்களும் தாதியரும் மனமுவந்து வருவார்கள் என்பது என் நம்பிக்கை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ச் சங்கங்கள் மூலமாக நீங்கள் அனுப்பும் பணத்தில் கோபுரங்கள் எழுந்திருக்கின்றன, மண்டபங்கள் எழுந்திருக்கின்றன. அவற்றை நான் குறைசொல்ல வரவில்லை. ஒரு தாதியின் மாதச் சம்பளமும் ஒரு முச்சக்கர வண்டியின் எரிபொருளும் ஒரு தேர்த் திருவிழாவின் ஒருநாள் உபயத்தைவிடப் பெரிய செலவாகாது. வளைகுடாவில் உழைத்த மலப்புறத்தான் தன் ஊர்க் குழுவுக்கு அதைத்தான் அனுப்பினான்.

பணத்தோடு சேர்த்து இன்னொன்றும் அனுப்பலாம். தொலைபேசி எடுக்கும்போது 'அம்மா எப்படி?' என்று கேட்டு முடித்துவிடாமல், அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் 'நீ இரவு நித்திரை கொண்டனியா?' என்று ஒருமுறை கேளுங்கள். அவள் பதில் சொல்லத் தொடங்கினால், இடையில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.